பேசும் பொம்மை செய்ய அலெக்சாவைப் பிரிக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டிலிருக்கும் அலெக்சாவை வாயசைத்துப் பேசும் பொம்மையாக மாற்றுவது பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு அருமையான வேலை. ஆனால் ஆசையோடு தொடங்கும் பிள்ளைகள் முதலில் கையில் எடுப்பது ஸ்குரூ டிரைவரை. ஸ்பீக்கரைத் திறந்து, உள்ளே இருக்கும் மெல்லிய ரிப்பன் கேபிளை அறுத்துவிட்டு, "இது நமக்கு வராது" என்று மூலையில் போட்டுவிடுகிறார்கள். திறக்கத் தேவையே இல்லை என்பதைச் சேலத்து ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் சொல்லவே இந்தக் கடிதம்.

1985-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த டெடி ரக்ஸ்பின் என்ற பேசும் கரடிக்குள் ஒரு கேசட் ஓடும். அதன் ஒரு தடத்தில் குரல், இன்னொரு தடத்தில் வாயும் கண்ணும் அசைவதற்கான கட்டளை. அலெக்சா தருவது குரலை மட்டும்தான். ஆகவே குரலின் ஏற்ற இறக்கத்திலிருந்தே தாடையின் அசைவை நாம் பிறப்பிக்க வேண்டும்.

அலெக்சா ஓடும் அமேசான் எக்கோ டாட் ஸ்பீக்கரின் மூன்றாம், நான்காம் தலைமுறைகளில் பின்புறம் 3.5 மி.மீ. ஆடியோ ஜாக் இருக்கிறது. 2022-இல் வந்த ஐந்தாம் தலைமுறையில் அது இல்லை.  அதை ஒரு சிறிய புளூடூத் ரிசீவரோடு இணைத்து, அதன் ஜாக்கிலிருந்து எடுக்கலாம். புளூடூத்தில் ஒலி சற்றுத் தாமதமாக வரும்தான். ஆனால் ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியும் தாடைக்குப் போகும் ஒலியும் ஒரே ரிசீவரிலிருந்து பிரிவதால், உதடும் பேச்சும் பிசகாது.

ஜாக்கில் வரும் இடது, வலது கம்பிகள் ஒவ்வொன்றிலும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டு இரண்டையும் ஒன்றாகச் சேருங்கள். அங்கிருந்து இரண்டு கிளைகள். ஒன்று 10 கிலோ ஓம் வால்யூம் கண்ட்ரோல் வழியாக PAM8403 ஆம்ப்ளிஃபையர் போர்டுக்கு. இந்தப் பெயரைத் தமிழில் பி.ஏ.எம். 8403 என்று சொன்னாலே கடையில் எடுத்துத் தருவார்கள். அதில் 4 ஓம், 3 வாட் ஸ்பீக்கர் ஒன்று போதும். இந்த போர்டில் ஸ்பீக்கரின் மைனஸ் கம்பியைக் கிரவுண்டோடு, அதாவது பொது மைனஸ் கம்பியோடு, சேர்த்தால் ஐ.சி. கெட்டுப்போகக்கூடும், இரண்டு கம்பிகளும் போர்டுக்கே போக வேண்டும்.

இன்னொரு கிளை, நிரல் எழுதி ஏற்றக்கூடிய சின்ன போர்டான ஆர்டுயினோ நானோவின் ஏ-0 காலுக்கு. இடையில் 0.1 மைக்ரோ ஃபாரட் கப்பாசிட்டர், அதாவது '104' என்று அச்சிட்ட சின்ன வில்லை. ஏ-0 காலிலிருந்து 5 வோல்ட்டுக்கு ஒரு 10 கிலோ ஓம், கிரவுண்டுக்கு ஒரு 10 கிலோ ஓம். ஒலி அலை மேலும் கீழும் ஆடுவதால் இந்த இரண்டும் அதை 2.5 வோல்ட்டில் தூக்கி நிறுத்துகின்றன. இங்கே 10 மைக்ரோ ஃபாரட் போடுகிறவர்களும் உண்டு. பேச்சுக்கு அது வேலை செய்யும். பாட்டுப் போட்டால் தவில் அடிக்கெல்லாம் பொம்மை வாயைத் திறந்து திறந்து மூடும். 0.1 போட்டால் ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலி அடங்கிவிடும். கரண்ட்டின் 50 ஹெர்ட்ஸ் உறுமலும் சேர்ந்தே அடங்கும்.

நிரல் எளிது. 25 மில்லி செகண்டுக்கு ஒருமுறை ஏ-0-வில் வந்த மிகப் பெரிய எண்ணிலிருந்து மிகச் சிறியதைக் கழியுங்கள். 20-க்குக் குறைந்தால் வாய் மூடியிருக்கட்டும். 20 முதல் 200 வரை வந்தால் அதற்கேற்ப 25 டிகிரி வரை திறக்கட்டும். திறப்பது சட்டென்றும் மூடுவது கொஞ்சம் நிதானமாகவும் இருந்தால்தான் மனிதர் பேசுவதுபோல் இருக்கும். அலெக்சாவின் ஒலியளவை 7-இலேயே நிறுத்திவிட்டு, சத்தத்தை வால்யூம் கண்ட்ரோலில் கூட்டிக் குறையுங்கள். இல்லையென்றால் சத்தத்தைக் குறைத்ததும் பொம்மை முணுமுணுக்கத் தொடங்கிவிடும்.

பொம்மை பேய் பிடித்ததுபோல் உதறினால் எல்லோரும் நிரலைத்தான் சந்தேகிக்கிறார்கள். தப்பு பெரும்பாலும் கரண்ட்டில் இருக்கும். தாடைக்குப் போடும் எஸ்.ஜி.90 சர்வோ, அதாவது சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் மோட்டார், 9 கிராம்தான், ஆனால் தடுக்கி நின்றால் முக்கால் ஆம்பியர் வரை இழுக்கும். அதை நானோவின் 5 வோல்ட் காலிலிருந்து கொடுத்தால் வோல்டேஜ் இறங்கி, நானோ அணைந்து மறுபடி தொடங்கும்; ஒவ்வொரு முறையும் தாடை ஒரு வெட்டு வெட்டும். 5 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டரிலிருந்து சர்வோவுக்குத் தனிக் கம்பி இழுங்கள். சர்வோவின் அருகிலேயே 1000 மைக்ரோ ஃபாரட் கப்பாசிட்டரை, பிளஸ் மைனஸ் பார்த்து, வையுங்கள். கிரவுண்டு மட்டும் எல்லாவற்றுக்கும் பொது. அப்படியும் ஸ்பீக்கரில் 'டர்ர்' என்று கேட்டால் ஆம்ப்ளிஃபையருக்குப் பழைய போன் சார்ஜர் ஒன்றைத் தனியாகக் கொடுங்கள்.

சர்வோவை முதலில் 90 டிகிரிக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டுத்தான் அதன் கையைப் பொருத்த வேண்டும். முன்னாலேயே பொருத்தினால் தாடை முட்டி, சர்வோவுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் சக்கரத்தின் பல் உடையும். தாடைக்குக் கீல், காலி பேனா ரீஃபிலும் அதற்குள் நிமிர்த்திய ஜெம் கிளிப் கம்பியும். தலையைத் திருப்ப உலோகப் பல் கொண்ட எம்.ஜி.90 நல்லது, தலையின் பாரம் அதன்மேல் ஏறாமல் ஒரு 608 பேரிங்கில் உட்காரட்டும்.

உடம்புக்கு எதையும் வாங்க வேண்டாம். மரவள்ளி மாவு நம் ஊர்ச் சரக்கு. ஒரு பங்கு மாவுக்கு எட்டுப் பங்கு தண்ணீர் விட்டுக் கஞ்சி காய்ச்சி, ஊதிய பலூன்மேல் பழைய நாளிதழை ஆறு சுற்று ஒட்டினால் உறுதியான தலை கிடைக்கும். இரண்டிரண்டு சுற்றாகக் காயவிட வேண்டும். சேலத்து வெயிலில் சீக்கிரம் காயும்; ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். கஞ்சியில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் சேர்த்தால் பிடிக்காது. துத்தம் விஷம், பெரியவர்களே கலக்க வேண்டும். மலையில் இருப்பவர்கள் உள்ளும் புறமும் இரண்டு கோட் வார்னிஷ் அடிக்காவிட்டால் காகிதம் ஊதி, தாடை இறுகிக்கொள்ளும்.

அலெக்சாவைப் பொம்மையின் பீடத்தில் வையுங்கள். மேலே உள்ள மைக் துளைகளைத் துணியால் மூடக் கூடாது. ஸ்பீக்கர் ஓரடியாவது தள்ளி, மைக்குக்கு முதுகு காட்டி இருக்கட்டும். சர்வோவின் 'கீச்' சத்தமும் மைக்கில் ஏறும். அடியில் ரப்பர் துண்டு வைத்து, ஒரு விநாடி அமைதியானதும் சர்வோவுக்குப் போகும் சிக்னலை நிறுத்திவிடுங்கள். கூப்பிட்டதும் எரியும் நீல வளையத்தின்மேல் கறுப்பு டேப் சுற்றிய ஓர் எல்.டி.ஆரை, அதாவது வெளிச்சத்தை உணரும் ரெசிஸ்டரை, ஒட்டினால், பெயர் சொன்னவுடன் பொம்மை தலை சாய்த்துக் கேட்கும். பார்க்கவே உயிர் வந்ததுபோல் இருக்கும்! மைக்கை அணைத்தால் சிவப்பு வளையம் நிலையாக எரியும் என்பதால், 15 விநாடிக்கு மேல் நீடிக்கும் வெளிச்சத்தை நிரல் கண்டுகொள்ளக் கூடாது. மைக்கை அணைக்கும் பொத்தான் எப்போதும் கைக்கு எட்ட வேண்டும். கூப்பிட்ட பிறகு பேசுவது நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறது. வகுப்பறையில் குழந்தைகள் குரல் சும்மா போய்க்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஒரு குறை மனதை உறுத்துகிறது. அலெக்சா ஆங்கிலமும் இந்தியும் பேசும். தமிழில் கேட்டால் தமிழில் பதில் சொல்லாது. ஆனால் தாடைக்கு மொழி தெரியாது. அதே ஜாக்கைப் போனில் செருகி, வீட்டுப் பாட்டி சொன்ன கதையைப் பதிவுசெய்து ஓடவிட்டால் பொம்மை பாட்டியின் குரலில் வாயசைக்கும். சேலம் குகைப் பகுதியில் ஆடித் திருவிழாவில் வேடம் கட்டி வரும் வண்டி வேடிக்கையைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு அதற்கேற்ற வேடம் கட்டவும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கண்காட்சி நடுவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முழுதாக வாங்கி வந்த ரோபோவையும் கையால் செய்ததையும் ஒரே தட்டில் நிறுக்காதீர்கள். அந்த '104' கப்பாசிட்டரைக் கழற்றி, திரும்பப் போடச் சொல்லி, அது எதற்கு என்று மாணவரிடம் கேளுங்கள்.

இப்படிக்கு,
மின்னணு வேலை தெரிந்த நண்பர்கள் சிலர்,
செவ்வாய்பேட்டை, சேலம்.