வாடகை வீட்டு மொட்டை மாடிக்கும் ஒப்பந்தத்தில் ஒரு பத்தி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் பால்கனியையும் மொட்டை மாடியையும் அழகுபடுத்துவது குறித்து வெளியான கட்டுரையைப் படித்தேன். படங்கள் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தன. ஆனால் அதில் சொல்லப்பட்ட பிரம்பு ஊஞ்சலும் செயற்கைப் புல்விரிப்பும் பீங்கான் தொட்டிகளும் சொந்த வீடும் கையில் காசும் உள்ளவர்களுக்கே பொருந்தும். இராயபுரம், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி என வட சென்னையின் பல பகுதிகளில் ஒரே கட்டடத்தில் மூன்று நான்கு குடித்தனங்கள் இருக்க, எல்லோருக்கும் பொதுவான ஒரு மொட்டை மாடியோ, பக்கவாட்டில் ஒரு சந்தோ, மாடிப்படிக்குக் கீழே ஒரு மூலையோதான் திறந்தவெளி என்று மிஞ்சுகிறது. காயலான் கடைக்குப் போகிற பொருள்களைக் கொண்டே, வீட்டு உரிமையாளருக்கு எந்த நட்டமும் இல்லாமல் அந்த இடத்தை அழகாக்க முடியும் என்பதையும், அதற்கு வாடகை ஒப்பந்தத்தில் ஒரு பத்தி இடம்பெற வேண்டும் என்பதையும் வலியுறுத்தவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பொருள்களுக்கு எங்கள் பகுதியில் பஞ்சமே இல்லை. துறைமுகமும் சரக்குப் பெட்டக நிலையங்களும் அருகிலிருப்பதால், சரக்கு அடுக்கப் பயன்படும் பேலட் எனப்படும் மரச்சட்டத் தட்டுகள் பழைய மரக் கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக் கட்டி, மேலே பழைய மெத்தை விரிப்பைப் போட்டால் உட்கார ஓர் இருக்கை தயார். ஒன்றை நிமிர்த்திக் கைப்பிடிச் சுவரோரம் சாய்த்துக் கட்டினால், அதன் இடைவெளிகளில் சிறு தொட்டிகளைச் செருகி வைக்கலாம். ஆனால் கண்ணில் பட்டதையெல்லாம் தூக்கி வந்துவிடக் கூடாது. ஏற்றுமதிக்கான பேலட்டின் பக்கவாட்டுக் கட்டையில் கதிர்ச் சின்னத்துடன் ஒரு முத்திரை இருக்கும். அதில் ஆங்கிலத்தில் எச்.டி. என்ற எழுத்துகள் இருந்தால், மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பம் ஏறி 30 நிமிடங்கள் நிற்கும்படி சூடாக்கிப் பூச்சி நீக்கியிருக்கிறார்கள் என்று பொருள், அதை எடுத்துக்கொள்ளலாம். எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்னும் நச்சு வாயுவால் பூச்சி நீக்கப்பட்டது. குழந்தைகள் உட்காரும் இடத்துக்கும் கீரை வளர்க்கும் இடத்துக்கும் அது ஆகாது. எச்.டி. முத்திரை இருந்தாலும் எண்ணெய்க் கறையோ வேதிப்பொருள் நெடியோ உள்ள கட்டையை ஒதுக்கிவிட வேண்டும், ஏனெனில் அதன்மேல் என்ன சிந்தியது என்பதை எந்த முத்திரையும் சொல்லாது. பிரிக்கும்போது ஆணியைப் பிடுங்க முயன்றால் பலகை பிளந்துவிடும். இடுக்கில் ஹாக்ஸா பிளேடை விட்டு ஆணியையே அறுத்துவிட்டால் பலகை முழுதாகக் கையில் வரும்.

மரத்தைவிட எனக்குப் பிடித்தது பிளாஸ்டிக் குடம். தண்ணீர் லாரி வருகிற தெருக்களில் வாழ்ந்தவர்களுக்கு இந்தக் குடங்களின் ஆயுளும் முடிவும் நன்றாகத் தெரியும். அடியில் விரிசல் விட்டதும் அது தண்ணீருக்கு உதவாது. செடிக்கோ அந்த விரிசலே வடிகாலாகிறது. குடத்தின் தோள் வளைவு தொடங்கும் இடத்தைச் சுற்றி நூல் கட்டிக் குறித்துக்கொண்டு, அந்தக் கோட்டிலேயே பிளேடால் அறுக்க வேண்டும். சூடான கத்தியால் அறுப்பது எளிதென்று சிலர் செய்கிறார்கள். அந்தப் புகை நெஞ்சுக்குக் கெடுதல் என்பதால் நான் அதைச் சொல்லமாட்டேன். அறுத்த கீழ்ப்பாதி வாய் அகன்ற தொட்டியாகிறது. தனியே வந்த கழுத்துப் பகுதியைத் தரையில் வைத்து அதன்மேல் தொட்டியை அமர்த்தினால், தொட்டியின் அடி தளத்தில் படாமல் காற்று புகுந்து வெளிவருகிறது; ஈரம் தேங்குவதில்லை. நீலம், பச்சை, ஆரஞ்சு, ரோஸ் என்று நிறம் நிறமாக வரிசையில் நிற்கும் குடத் தொட்டிகளில் துளசியும் மணத்தக்காளியும் மருதாணியும் தழைத்திருப்பதைப் பார்த்தவர்கள் கடைத் தொட்டியைத் தேடிப் போகமாட்டார்கள். வெயில் படப்பட இந்தப் பிளாஸ்டிக் நொறுங்கத் தொடங்கும் என்பதால், மேற்கு வெயில் விழும் பக்கத்தில் நைந்த பருத்திப் புடவையை முறுக்கித் தொட்டியைச் சுற்றிவிடுவது நல்லது. அப்படிச் சுற்றியதே ஓர் அலங்காரமாகவும் அமைகிறது.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் கழித்துப்போடும் வலையும் கயிறும் கொடி படர்வதற்கும் நிழலுக்கும் ஏற்றவை. நல்ல தண்ணீரில் பலமுறை அலசி, உப்பும் கவிச்சியும் போகும்வரை வெயிலில் உலர்த்திய பிறகே மாடிக்கு ஏற்ற வேண்டும். ஒற்றை நைலான் இழையாலான மெல்லிய நரம்பிழை வலையை மட்டும் தயவுசெய்து யாரும் கட்ட வேண்டாம். காக்கையும் அணிலும் குருவியும் அதில் சிக்கிக்கொண்டால் விடுபட முடியாமல் தவிக்கும். முறுக்கு நூலால் பின்னிய தடித்த வலையில் சங்குப்பூவும் அவரையும் தாமாகவே ஏறிக்கொள்ளும். கடற்காற்று வீசும் தெருக்களில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பதால், எண்ணெய் டின்களையும் சைக்கிள் ரிம்களையும் துருத்தடுப்புப் பூச்சான ரெட் ஆக்சைடு பூசி அதன்மேல் எனாமல் அடித்த பின்பே வெளியில் வைக்கலாம்.

சில பொருள்களைத் தொடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. தொழிற்சாலைகளிலிருந்து வெளிவரும் நீல நிற டிரம்கள் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றில் முன்பு என்ன இருந்தது என்று விற்பவருக்கே தெரியாதபோது, எத்தனை முறை கழுவினாலும் அதில் வளர்ந்த கீரையை நம்பி உண்ண முடியாது. இடித்த வீடுகளின் பழைய கதவுகளும் சன்னல்களும் அழகானவைதாம். ஆயினும் வீட்டுப் பெயிண்டில் ஈயத்தின் அளவைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்குள் கட்டுப்படுத்தும் விதி 2016இல்தான் நம் நாட்டில் வந்தது. அதற்கு முற்பட்ட பெயிண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் எழும் தூசியில் ஈயம் இருக்கக்கூடும். குழந்தைகள் உள்ள வீட்டில் அந்த வேலையே வேண்டாம். டயரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வண்ணம் பூசிய டயர் இருக்கைகள் எங்கும் தென்படுகின்றன. அதன் உட்குழிவில் ஒரு மழைக்குத் தேங்கும் நீரே டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குப் போதும். முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் வரைதான் ஆகிறது, காய்ந்துபோன முட்டைகளோ பல மாதங்கள் உயிரோடு காத்திருந்து அடுத்த மழையில் பொரிக்கின்றன. மாநகராட்சியின் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வந்து பார்க்கும்போது பதில் சொல்ல வேண்டியவர் வீட்டு உரிமையாளர் என்பதையும் குடியிருப்போர் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இங்கே உரிமையாளர்களின் அச்சத்தைப் பற்றி நேர்மையாகப் பேச வேண்டியிருக்கிறது. "தளம் ஒழுகினா யாரும்மா செலவு பண்றது?" என்ற கேள்வியைக் கேட்காத உரிமையாளரை நான் பார்த்ததில்லை. அந்தக் கேள்வி நியாயமானது. இராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பகுதிகளில் எஞ்சியிருக்கும் பழைய வீடுகள் சிலவற்றில், மரச் சட்டங்களின்மேல் மெல்லிய செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்புக் கலவையால் அமைத்த மெட்ராஸ் டெரஸ் கூரைகள் உள்ளன. அவற்றின்மேல் மண் நிரம்பிய தொட்டிகளை ஏற்றுவதையே நான் ஏற்கமாட்டேன். அந்த வீடுகளில் அலங்காரம் கீழே சந்தோடும் முற்றத்தோடும் நிற்கட்டும். கான்கிரீட் தளமாக இருந்தாலும் கணக்கு உண்டு. ஆட்கள் ஏறிப் புழங்கும் தட்டையான கூரைக்கு ஐ.எஸ். 875 என்னும் இந்தியத் தர விதி கொள்ளும் கூடுதல் பாரம் ஒரு சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய 150 கிலோ. ஒரு 200 லிட்டர் டிரம்மில் ஈரமண்ணை நிரப்பினால் 300 கிலோவைத் தாண்டும். அத்தனை எடையும் கால் சதுர மீட்டர் அளவு இடத்தில் இறங்கும். ஆகவே சிறு தொட்டிகளையே, சுவரை ஒட்டிப் பரவலாக வைக்க வேண்டும். மண்ணைக் குறைத்துத் தென்னை நார்க்கழிவையும் மட்கிய இலையையும் கூட்டிக்கொண்டால் பாதி எடை குறையும். தளத்தின் தட்டோட்டிலோ கைப்பிடிச் சுவரிலோ ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது, ஏனெனில் அந்தச் சிறு துளை வழியாகத்தான் முதல் ஒழுக்கு தொடங்குகிறது. எங்கள் தெருவில் ஒரு குடும்பம், வலை கட்டுவதற்காகச் சுவரில் போட்ட துளைகளுக்காக முன்பணத்தில் ஒரு பகுதியை இழந்துவிட்டுக் காலி செய்தது. வலையைக் கட்ட, மண்ணும் கல்லும் நிரப்பிய பெயிண்ட் வாளிகளில் மூங்கிலை நட்டாலே போதும்.

மழைநீர் வடிகுழாயின் வாயைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்ட பிறகு பல வீடுகளில் அந்தக் குழாய் நேரே சேகரிப்புத் தொட்டிக்குப் போகிறது. செடித் தொட்டியின் மண் கரைந்து அதில் இறங்கினால் வடிகட்டிப் படுகை அடைத்துக்கொள்ளும். குழாயின் வாயில் வலைத்துண்டு ஒன்றைப் பொருத்தி, அதைச் சுற்றி எதையும் வைக்காமல் விட்டுவிட வேண்டும். புயலைப் பற்றி வட சென்னைக்காரர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்தபோது மாடியில் கட்டாமல் விட்டவை எங்கெங்கே போய் விழுந்தன என்பதை நாம் பார்த்திருக்கிறோம். ஐப்பசி பிறக்கும்போதே தொங்குபவற்றையெல்லாம் இறக்கி, பேலட்டுகளைப் படுக்கப்போட்டுக் கயிற்றால் பிணைத்துவிட வேண்டும்.

இவ்வளவு கவனத்தோடும் செய்ய முன்வரும் குடித்தனக்காரருக்குக்கூட வாய்மொழி அனுமதிதான் கிடைக்கிறது. உரிமையாளர் மனம் மாறினாலோ வீடு கைமாறினாலோ அது காற்றோடு போய்விடும். தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்து வடிவில் இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. எழுதத்தான் போகிறோம் என்றால், மாடியைப் பற்றியும் எழுதிவிடலாமே. அதில் இடம்பெற வேண்டியவை இவை: குடியிருப்பவர் மாடியின் எந்தப் பகுதியைப் பயன்படுத்தலாம் என்பது. அங்கே வைப்பவை அனைத்தும் சுவரிலோ தளத்திலோ பொருத்தப்படாமல் ஒரே நாளில் கழற்றி எடுக்கக் கூடியவையாக இருக்கும். துணி உலர்த்தவும் வற்றல் போடவும் மற்றக் குடித்தனங்களுக்கு உரிய இடம் விடப்படும். தேங்கும் நீருக்கும் அடைபடும் குழாய்க்கும் மாடியைப் பயன்படுத்துபவரே பொறுப்பு. காலி செய்யும்போது குடியேறிய நாளில் எடுத்த புகைப்படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தே முன்பணத்தில் கை வைக்கப்படும் என்ற அளவில் ஒரு பத்தி இருந்தால் இரு தரப்புக்கும் நிம்மதி. ஒப்பந்தம் தட்டச்சு செய்துதரும் கடைகளில் ஆண்டாண்டாக ஒரே வாசகத்தைத்தான் நிரப்பித் தருகிறார்கள். இந்தப் பத்தியின் மாதிரி ஒன்றைத் தங்கள் நாளிதழ் வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டு வெளியிட்டால் பெரும் உதவியாக இருக்கும்.

மாநகராட்சியிடமும் ஒரு கோரிக்கை உண்டு. கொடுங்கையூர் குப்பைக் கிடங்கின் அருகே வாழும் எங்களுக்கு, அங்கே போகும் ஒவ்வொரு வண்டியும் சொந்தக் கவலை. அங்கு குப்பையை எரிக்கும் உலை வேண்டாம் என்று 2025இல் மக்கள் மனிதச் சங்கிலியாகத் தெருவில் நின்றார்கள். போகிக்கு முன்பு பழைய துணி, டயர், மரச்சாமான்களைக் கொளுத்தாமல் ஒப்படைக்கும்படி மாநகராட்சி கேட்டுக்கொள்கிறது, மக்களும் கொடுக்கிறார்கள். அப்படி வருபவற்றில் நல்ல பலகை, கட்டில் சட்டம், தையல் எந்திரக் கால்கள், இரும்பு அலமாரித் தட்டுகள் போன்றவற்றைத் தனியே எடுத்து வைத்து, திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, இராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய மண்டலங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு விளையாட்டுத் திடலில் இரண்டு நாள் பார்வைக்கு வைத்து, வேண்டியவர்கள் எடுத்துச் செல்ல விட்டால் என்ன? கழிவு பிரிக்கும் பணியாளர்களின் வருமானம் இதனால் குறையாதபடி அவர்களுக்கு அந்த நாள்களுக்குரிய தொகையை மாநகராட்சி கொடுத்துவிட வேண்டும். வரும் போகிக்கே இதை ஒரு மண்டலத்திலாவது தொடங்கும்படி மாநகராட்சி ஆணையரைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாடகை வீட்டில் குடியிருக்கும் வாசகி,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை.