குறி ஏன் திரும்புகிறது? கணக்கு ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய கணக்கு ஆசிரியர்களுக்கு,

வணக்கம். மாலை நேரத்தில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறவன் நான். ஏழாம் வகுப்பிலிருந்து பதினொன்று வரை கலந்து வருவார்கள். அவர்கள் நோட்டுகளில் அசமன்பாடு (சமக்குறிக்குப் பதிலாக ‘சிறியது அல்லது சமம்’ என்னும் ≤, ‘பெரியது அல்லது சமம்’ என்னும் ≥ போன்ற குறி வரும் கணக்கு) வரும் பக்கங்களில் மட்டும் ஒரே தப்பு திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

7 − 2ம ≤ 1 என்று ஒரு கணக்கைக் கொடுங்கள். (மாறியை ‘ம’ என்றே எழுதுகிறேன்.) −2ம ≤ −6 என்பது வரை பிசகில்லாமல் வந்துவிடுவார்கள். அடுத்த வரியில் பலர் ம ≤ 3 என்று எழுதுகிறார்கள். ம ≥ 3 என்று சரியாக எழுதியவர்களிடம் காரணம் கேட்டால், “மைனஸால வகுத்தா குறி திரும்பும் சார்” என்பார்கள். ஏன் திரும்பணும்? “அது ரூல் சார்.”

இந்த ரூலுக்குக் காரணம் சொல்ல எண் கோடு ஒன்று போதும். 2 < 5. இரண்டையும் −1ஆல் பெருக்குங்கள். 0 இருக்கும் இடத்தில் ஒரு கண்ணாடியை நிறுத்தியதுபோல, வலப்பக்கம் இருந்தவை அப்படியே இடப்பக்கம் போய் விழுகின்றன. வலக்கோடியில் நின்ற 5 இப்போது இடக்கோடியில் −5 ஆக நிற்கிறது. அப்புறம் −5 தானே சின்னது? பலகையில் ஒரு தடவை வரைந்து காட்டினால் பிள்ளைகளே சொல்லிவிடுகிறார்கள்.

குறியைத் திருப்பவே வேண்டாத வழியும் இருக்கிறது. 2ம-வை வலப்பக்கம் அனுப்புங்கள்: 7 ≤ 1 + 2ம. பிறகு 6 ≤ 2ம, அதாவது 3 ≤ ம. மைனஸால் வகுக்கும் வேலையே இல்லை. ஆனால் ஒரு விடைத்தாளில் இப்படி முடித்த பையனுக்கு அரை மதிப்பெண் குறைத்திருந்தார்கள். மாறி இடப்பக்கம் இல்லையாம்! 3 ≤ ம என்றாலும் ம ≥ 3 என்றாலும் ஒன்றுதான் என்று புரிந்த பிள்ளையைத் தண்டிப்பது எந்த ஊர் நியாயம்?

அதைவிட முக்கியமானது, விடையைச் சோதித்துப் பார்ப்பது. ம ≤ 3 என்று எழுதியவனிடம் மூலக் கணக்கில் 0-வைப் போடச் சொல்லுங்கள். 7 ≤ 1 என்று வரும். பொய். ஆனால் அவன் விடையில் 0 இருக்கிறதே! தப்பு எங்கே என்று அவனே தேடிப் போவான். சமன்பாட்டில் விடையைப் போட்டுப் பார்க்கும் வழக்கம் இருக்கிறது. அசமன்பாட்டில் மட்டும் ஏனோ யாரும் கேட்பதில்லை.

வரைபடத்துக்கு வருகிறேன். எண் கோட்டில் நிரப்பிய வட்டம் (அந்த எண்ணும் விடையில் சேரும்) எப்போது, திறந்த வட்டம் (அந்த எண் சேராது) எப்போது என்பதை மனப்பாடம் செய்யவைக்கிறோம். ரயில் டிக்கெட்டையே எடுத்துக்கொள்ளலாம். 5 வயது முடிந்து 12 முடியாத பிள்ளைக்குத் தனிப் படுக்கை வேண்டாம் என்றால் அரை டிக்கெட். 5 ≤ ம < 12. ஐந்தில் நிரப்பிய வட்டம், பன்னிரண்டில் திறந்த வட்டம். பன்னிரண்டாவது பிறந்தநாளன்று பயணம் செய்தால் முழு டிக்கெட் என்று வகுப்பில் யாராவது ஒருத்தர் கட்டாயம் சொல்வார்.

இன்னொன்று, எந்த எண்களுக்குள் விடை தேடுகிறோம் என்பது. கையில் 200 ரூபாய். பஸ்ஸுக்கு 20 ரூபாய் போக, 35 ரூபாய் விலையுள்ள நோட்டுப் புத்தகம் எத்தனை வாங்கலாம்? 35ம + 20 ≤ 200. வகுத்தால் 5.14 சொச்சம் வருகிறது. விடை 0 முதல் 5 வரை ஆறு புள்ளிகள், அவ்வளவுதான். கால் நோட்டு யாரும் விற்பதில்லை. ஆனால் பிள்ளைகள் பழக்கதோஷத்தில் தடித்த கோடு இழுத்து அம்புக்குறியும் போட்டுவிடுகிறார்கள். கேள்வியிலேயே ‘ம ஒரு முழு எண்’ என்று இருந்தாலும் அப்படித்தான்.

சமக்குறியைக் கணித அறிஞர் ராபர்ட் ரெக்கார்டு 1557-ல் அச்சில் கொண்டுவந்தார். <, > குறிகள், அவற்றைப் பயன்படுத்திய கணித அறிஞர் தாமஸ் ஹாரியட் இறந்தபின் 1631-ல்தான் அச்சேறின. 74 வருஷம் பிந்தி வந்த குறிக்கு நம் வகுப்பிலும் பிந்திய இடம்தான் போலிருக்கிறது, பாட முடிவில் அவசரமாக நடத்தி முடிக்கிறோம்.

அந்த அவசரத்தின் பலன் பதினோராம் வகுப்பு வணிகக் கணிதத்தில், நேரியல் திட்டமிடலில் (பல அசமன்பாடுகளுக்கும் பொருந்தும் பகுதியை வரைபடத்தில் நிழலிட்டு, அதில் சிறந்த விடையைத் தேடும் பாடம்) தெரிகிறது. ‘≤ என்றால் கோட்டுக்குக் கீழே நிழலிடு’ என்று பழகிய பெண் ம − ய ≤ 2 (ம கிடை அச்சில், ய செங்குத்து அச்சில்) வந்ததும் கீழ்ப்பக்கத்தைத் தீட்டிவிட்டாள். (0, 0)-வைப் போட்டால் 0 ≤ 2, உண்மை. ஆதிப்புள்ளி இருப்பதோ கோட்டுக்கு மேலே. ஏழாம் வகுப்பில் 0-வைப் போட்டுப் பார்த்துப் பழகியிருந்தால் இங்கே திணறியிருக்க மாட்டாள்.

ஆகவே, ஒரு கோரிக்கை. அசமன்பாட்டுக் கணக்குக்கு மூன்று மதிப்பெண் என்றால், அதில் ஒன்றை விடைக்குள்ளிருந்து ஓர் எண்ணும் வெளியிலிருந்து ஓர் எண்ணும் எடுத்துச் சோதித்துக் காட்டுவதற்கு ஒதுக்குங்கள். வரும் பருவத் தேர்விலிருந்தே, உங்கள் வகுப்பு அளவிலாவது தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஒரு டியூஷன் வாத்தியார்