மூன்று வரியைக் காட்டச் சொன்னவர்களுக்கு

நண்பர்களுக்கு வணக்கம்.

உங்களில் பலருடைய முகம் எனக்குத் தெரியாது. சிலருடைய முழுப்பெயர்கூடத் தெரியாது. என் கேள்விகளுக்கும், என்னைப் போலவே பைத்தான் என்ற நிரல்மொழியைப் புதிதாகத் தொட்டவர்களின் கேள்விகளுக்கும் சளைக்காமல் பதில் எழுதியவர்கள் என்ற அளவில்தான் உங்களை அறிவேன். நான் தொகுத்த சொல்லடைவு அச்சுக்குப் போகிறது. அதன் நன்றியுரையில் உங்களுக்கு ஒரு வரிதான் ஒதுக்க முடிந்தது. பதிப்பகத்தார் பக்கக் கணக்கில் கறாரானவர்கள். அந்த வரியில் அடங்காததை இங்கே எழுதிவிடுகிறேன்.

மெய்ப்புத் திருத்துவதும் சொல்லடைவு தயாரிப்பதும் என் தொழில். பல பேர் பல காலத்தில் தட்டச்சு செய்த கோப்புகள் என்னிடம் வந்து சேரும். அவற்றிலிருந்து சொற்களைப் பிரிக்க வேண்டும், எண்ண வேண்டும், அகரவரிசையில் அடுக்கி, எந்தெந்தப் பக்கத்தில் வருகின்றன என்று குறிக்க வேண்டும். கையால் செய்தால் கண் போய்விடும். நிரல் எழுதினால் ஒரு நொடியில் முடியும் என்றார்கள். உண்மைதான், ஓடி முடிய ஒரு நொடிதான் ஆகிறது. எழுதி முடிக்க எவ்வளவு ஆகும் என்பதைத்தான் யாரும் சொல்லவில்லை.

புதிதாக வருகிறவர்கள் கேட்கும் கேள்வி எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான் இருக்கும்: 'என் நிரல் வேலை செய்யவில்லை, உதவுங்கள்.' மருத்துவரிடம் போய் 'உடம்பு சரியில்லை' என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பது போன்றது அது. அதற்கு உங்களில் ஒருவர் எழுதிய பதிலை இன்றும் அச்சடித்து மேசை மேல் வைத்திருக்கிறேன். 'உள்ளீட்டிலிருந்து மூன்று வரி, உங்களுக்கு வேண்டிய விளைவில் மூன்று வரி, இப்போது கிடைக்கும் விளைவில் மூன்று வரி. அப்படியே நகலெடுத்து ஒட்டுங்கள். படம் எடுத்து அனுப்ப வேண்டாம்.' அவ்வளவுதான் பதில். நிரலைக் காட்டு என்றுகூடக் கேட்கவில்லை.

இந்தக் கடிதம் முதலில் அந்தப் பதிலுக்குத்தான். கேட்டதும் ஆயத்த நிரலைத் தூக்கிக் கொடுத்துவிடும் தாராள மனம் நிறையப் பேருக்கு உண்டு. அது வாங்கிக்கொள்கிறவருக்கு அன்றைக்கு உதவும், மறுநாள் உதவாது. மூன்று வரியைத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தால்தான் நமக்கு என்ன வேண்டும் என்பதே நமக்குத் தெளிவாகிறது. பாதிக் கேள்விகள் அனுப்பும் முன்பே தீர்ந்துபோகும். படம் ஏன் வேண்டாம் என்றதன் காரணம் எனக்குப் பிறகுதான் புரிந்தது: சிக்கல் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளில் இருக்கிறது. படத்தில் அவை வராது, நகலெடுத்தால் வரும்.

கொடி என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். என் பட்டியலில் அது இரண்டு முறை வந்தது, ஒன்றில் எட்டுப் பக்க எண்கள், மற்றொன்றில் மூன்று. திரையில் இரண்டும் அச்சுப் பிசகாமல் ஒன்றுதான். இரண்டும் சமமா என்று பைத்தானைக் கேட்டால் இல்லை என்றது. உங்களில் ஒருவர், ஒவ்வொரு சொல்லையும் எழுத்தெழுத்தாகப் பிரித்து, யூனிகோட்டேட்டா தொகுதியில் உள்ள, எழுத்தின் பெயரைச் சொல்லும் நேம் என்ற செயற்கூறுக்குக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். முதல் கொடியில் நான்கு பெயர்கள் வந்தன: க, ஒகரக் குறி, ட, இகரக் குறி. இரண்டாவதில் ஐந்து: க, எகரக் குறி, கால், ட, இகரக் குறி. ஒகரத்தை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம் என்று, கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுக்கும் பொதுத்தரமான யூனிகோடு இரண்டையும் அனுமதிக்கிறது. இரண்டு தட்டச்சர்கள், இரண்டு விசைப்பலகை மென்பொருள்கள், ஆக இரண்டு கொடி. நார்மலைஸ் என்று ஒரு வரி சேர்த்து, பிரித்தெழுதிய குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு எல்லாவற்றையும் கொண்டுவந்ததும் பதினொரு பக்க எண்களும் ஒரே கொடியின் கீழ் வந்து நின்றன. கொக்கு, தோழி, மௌனம் எல்லாமே அந்த ஒரு வரியில் சரியாகிவிட்டன.

அன்று நீங்கள் கற்றுக்கொடுத்த பழக்கம் வேறு ஒரு நாள் என்னைக் காப்பாற்றியது. விரிதாளிலிருந்து காற்புள்ளிக் கோப்பாகச் சேமித்த பட்டியல் ஒன்று. முதல் நெடுவரிசையின் தலைப்பு 'சொல்'. நிரலோ அப்படி ஒரு தலைப்பே இல்லை என்று அடம்பிடித்தது. கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளைக் குறியீடாகக் காட்டும் ரெப்ர் என்ற செயற்கூறில் இட்டு அச்சிட்டதும், தலைப்பின் முன்னால் பின்சாய்வுக்கோட்டோடு ஓர் எண்குறி ஒட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. கோப்பு யூடிஎஃப்-8 (யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் முறை) என்று காட்டுவதற்காகச் சில மென்பொருள்கள் தொடக்கத்தில் வைக்கும் அடையாளம் அது. கோப்பைத் திறக்கும்போது என்கோடிங் பெயரை யூடிஎஃப்-8-சிக் என்று கொடுத்தால் போதும், அது தானாக உதிர்ந்துவிடும். உடையாத இடைவெளி, வரி முடிவில் ஒளிந்திருக்கும் திரும்பல் குறி, அகலமே இல்லாத இணைப்பான் என்று இந்த வகை எழுத்துகள் நிறைய உண்டு. எதையாவது ஒப்பிட்டுப் பொருந்தவில்லை என்றால் முதலில் ரெப்ரில் போட்டுப் பாருங்கள் என்று சொல்லிக்கொடுத்தவருக்குத் தனியாக ஒரு வணக்கம்.

எழுத்துக் கோவைகளைத் தேடிப் பிடிக்கும் குறிமொழியான ரெஜெக்ஸ் பற்றிச் சொல்லாமல் இந்த மடல் முழுமை பெறாது. பாடநூல்களில் எல்லாம், சொல்லைப் பிடிக்கப் பின்சாய்வுக்கோடும் டபிள்யூவும் போதும் என்று எழுதியிருக்கும். ஆங்கிலத்துக்குப் போதும். தமிழ் என்ற சொல்லை அதனிடம் கொடுத்தால் 'தம' என்று ஒன்றும் 'ழ' என்று ஒன்றுமாக இரண்டு துண்டு திருப்பித் தருகிறது. பைத்தானின் உள்ளமைந்த ரெஜெக்ஸ் தொகுதி, உயிர்க்குறிகளையும் புள்ளியையும் சொல்லின் பகுதியாக எடுத்துக்கொள்வதில்லை, அதுதான் காரணம். இந்தக் கேள்விக்கு மட்டும் உங்களிடமிருந்து மூன்று விதமான விடைகள் வந்தன. தமிழுக்கான யூனிகோடு வரம்பைச் சதுர அடைப்புக்குள் நேராகக் கொடுத்துவிடு என்றார் ஒருவர். ரெஜெக்ஸ் என்ற பெயரிலேயே தனியாகக் கிடைக்கும் தொகுதியை நிறுவிக்கொண்டு, பயனர் கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரிவதை முழுதாகப் பிடி என்றார் இன்னொருவர். மூன்றாமவர் ஓப்பன்-தமிழ் நிரலகத்தில் எழுத்துகளைப் பிரிக்க ஆயத்தச் செயற்கூறு இருக்கிறதே என்றார். முதலாவதும் மூன்றாவதும் என் அடைவில் இருக்கின்றன. இரண்டாமவருக்கும் நன்றி, அதைக் கொண்டுதான் தமிழ் என்ற சொல்லின் நீளம் ஏன் ஐந்து என்று வருகிறது, ஏன் மூன்று இல்லை என்று எனக்கு விளங்கியது.

பழைய எழுத்துருக் கோப்புகளில்தான் மிகவும் திண்டாடினேன். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தவை யூனிகோடு அல்ல. கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகள்தான், எழுத்துரு அவற்றைத் தமிழாக வரைந்து காட்டுகிறது. எந்த ஆங்கில எழுத்துக்கு எந்தத் தமிழ் எழுத்து என்று அட்டவணை போட்டு ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு போனால் பாதி சரியாக வரும், பாதி கோணலாக வரும். காரணம், அங்கே கொம்பை மெய்க்கு முன்னால் அடித்திருப்பார்கள், காலைப் பின்னால். கொம்பும் ககரமும் சேர்ந்ததை முதலில் 'கெ' ஆக்கிவிட்டால், பின்னால் வரும் கால் அநாதையாக நிற்கும். 'அட்டவணையை நீளவாரியாக அடுக்குங்கள். நீளமானதை முதலில் மாற்றுங்கள்' என்று ஒரே வரியில் எழுதினீர்கள். மூன்று குறி கொண்ட கொ, கோ, கௌ முதலில், பிறகு இரண்டு குறி கொண்டவை, கடைசியில் ஒற்றைகள். வரிசைப்படுத்தும் சார்ட்டடு செயற்கூறில் கீயாக (அடுக்கும் அளவுகோலாக) நீளத்தைச் சொல்லும் லென் கொடுத்து, ரிவர்ஸால் வரிசையைத் தலைகீழாக்கியதும் வேலை நேராக ஓடியது. எழுத்துரு மாற்றத்துக்கு மட்டுமல்ல, எந்தத் தேடி-மாற்று அட்டவணைக்கும் இது பொருந்தும் என்று அப்புறம் பல இடங்களில் பார்த்துவிட்டேன்.

கறாராகப் பேசியவர்களையும் மறக்கவில்லை. அடைப்புக்குறிக்குள் இருக்கும் இலக்கணக் குறிப்பை நீக்க, ரெஜெக்ஸில் 'எந்த எழுத்தும் எத்தனை முறையும்' என்று பொருள்படும் புள்ளியும் நட்சத்திரமும் போட்டிருந்த ஒருவருக்கு, முதல் அடைப்பிலிருந்து வரியின் கடைசி அடைப்புவரை இடையிலிருந்த பொருளும் சேர்ந்து காணாமல் போனது. 'நட்சத்திரம் பேராசைக்காரன். பின்னால் ஒரு கேள்விக்குறி போடவும்' என்று மட்டும் எழுதிவிட்டு ஒருவர் போய்விட்டார். கேட்டவருக்கு வருத்தம். எனக்கு அந்த வாக்கியம் அப்படியே மனத்தில் தங்கிவிட்டது, விளக்கமாக எழுதிய பத்திகள் தங்கவில்லை. வேறு ஒருவர், யாரும் கேட்காமலேயே ஒவ்வொரு பதிலின் கடைசியிலும் ஒன்றைச் சேர்ப்பார்: படிக்கும் கோப்பிலேயே எழுதாதீர்கள், எழுதுவதற்காகத் திறந்த கணத்திலேயே பழையது காலியாகிவிடும், விளைவுக்கு வேறு பெயர் கொடுங்கள். திரும்பத் திரும்ப ஒன்றையே சொல்கிறாரே என்று கேலி செய்தவர்கள் உண்டு. திரும்பத் திரும்பப் புதியவர்கள் வந்துகொண்டிருந்தார்கள், அவரும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இதற்கு நிரலே வேண்டாம் என்று சொன்னவர்களின் நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன். ஒரே ஒரு கோப்பு, ஒரே ஒரு முறை, ஒரே ஒரு மாற்றம் என்றால் எடிட்டரின் தேடி-மாற்று வசதியே போதும். தெரிந்த கருவியைக் காட்டிக்கொள்ளும் ஆசை இல்லாதவர்தான் இப்படிச் சொல்ல முடியும்.

சுவையான ஒன்று. நூலின் முன்னுரைப் பக்கங்களுக்குத் தமிழ் எண்கள் போட்டிருந்தார்கள். அவற்றை மாற்றத் தனி அட்டவணை எழுதத் தொடங்கியபோது, 'முதலில் இன்ட் என்று கொடுத்துப் பாருங்கள்' என்றீர்கள். ௧௨ என்ற சரம் அப்படியே 12 என்ற எண்ணாக வந்து நின்றது. பழைய முறையில் பத்துக்கு உரிய ௰ குறியோடு எழுதிய எண்களை மட்டும் அது ஏற்கவில்லை, அவற்றுக்குச் சிறு அட்டவணை தேவைப்பட்டது. பைத்தான் முதலில் வெளியானது 1991 பிப்ரவரியில். யூனிகோட்டின் முதல் பதிப்பு, தமிழையும் சேர்த்துக்கொண்டு, அதே ஆண்டு அக்டோபரில் வந்தது. இரண்டும் ஒத்த வயதுக்காரர்கள் என்பதில் எனக்கு ஏனோ ஒரு திருப்தி. வரி வரியாக எழுத்தைப் படித்து வேலை செய்யும் சிறு மொழிகள் அதற்கும் முந்தியவை: ஆக் 1977-இலும், மொழியியல் படித்த லாரி வால் உருவாக்கிய பெர்ல் 1987-இலும் வந்தன. அந்த மொழிகளில் பழகிய கையோடு பைத்தான் கேள்விகளுக்குப் பதில் சொன்ன மூத்தவர்களும் உங்களில் இருந்தார்கள்.

கடைசியாக அகரவரிசை. வெறுமனே சார்ட் கொடுத்தால் பைத்தான் யூனிகோடு எண்களின்படி அடுக்குகிறது. மனம் மயிலுக்கு முன்னால் போய்விடும், பள்ளம் பழத்தை முந்திக்கொள்ளும், புள்ளி வைத்த மெய் உயிர்மெய்களுக்கெல்லாம் பின்னால் தள்ளப்படுவதால் பகல் பக்கத்துக்கு முன்னே நிற்கும். எந்த அகராதி வாசகரும் இதை ஏற்க மாட்டார். சொல்லை எழுத்துகளாகப் பிரித்து, ஒவ்வோர் எழுத்துக்கும் நெடுங்கணக்கில் உள்ள இடத்தை எண்ணாகக் கொடுத்து, அந்த எண் பட்டியலைக் கீயாக வைக்கும் முறையை வரைந்து காட்டினீர்கள். நெடுங்கணக்கை நீங்கள் எழுதித் தரவில்லை, 'அது உங்களுக்கே தெரியும்' என்றீர்கள். சரிதான், நிரலில் முழுக்க முழுக்க என் கையால் எழுதிய பகுதி அதுதான்.

அப்போது கிரந்த எழுத்துகள் எங்கே வர வேண்டும், க்ஷ தனி எழுத்தா, ககரமெய்யின் கீழே போக வேண்டுமா என்று உங்களைக் கேட்டேன். இதற்குப் பைத்தானில் விடை இல்லை, தொகுப்பவர் முடிவு செய்து முன்னுரையில் எழுதிவிட வேண்டியது என்று பதில் வந்தது. முடிவு செய்துவிட்டேன். னகரத்துக்குப் பிறகு ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ என்ற வரிசையில் வைத்திருக்கிறேன். முன்னுரையின் ஒன்பதாம் பக்கத்தில் காரணம் இருக்கிறது. அதில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள், கூடவே உதாரணத்துக்கு மூன்று சொற்களையும் அனுப்புங்கள்.

நன்றியுடன்,
உங்களிடம் கேட்டுக் கேட்டு அடைவு தொகுத்த ஒருவர்