“கொஞ்சம் சேர்த்துப் போட்டா புதுசே வாங்கிடலாமே!”

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு வருடம் புதிதாக எதையுமே வாங்காமல் இருந்து பார்த்தவரின் கட்டுரையைச் சென்ற இதழில் படித்தேன். நன்றாகவே எழுதியிருந்தார். ஆனால் படித்து முடித்தபோது, இது முழுக்க மனதைக் கட்டிப்போடும் விஷயம், ஒரு விரதம் மாதிரி என்ற எண்ணம்தான் மிஞ்சியது. எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு வருடத்தை இரண்டு மாதத்துக்கு முன்புதான் முடித்தோம். ஆசையை அடக்குவது எங்களுக்குப் பெரிய கஷ்டமாக இல்லை. கெட்டுப்போன பொருளைச் சரி செய்யத்தான் படாத பாடு பட்டோம்.

முதலில் எங்கள் விதிகளைச் சொல்லிவிடுகிறேன். சாப்பாடு, மருந்து, சோப்பு மாதிரி தீர்ந்துபோகிறவற்றை வாங்கலாம். மற்றதெல்லாம் பழையதாக, இரவலாக, அல்லது யாராவது வேண்டாம் என்று கொடுத்ததாக இருக்க வேண்டும். உள்ளாடைக்கு விலக்கு. மகளின் செருப்புக்கும் விலக்கு கொடுத்தோம். வளரும் குழந்தைக்கு இன்னொரு காலின் வடிவத்துக்குப் பழகிய செருப்பை மாட்டிவிட எனக்கு மனம் வரவில்லை. முதல் சண்டை குக்கர் கேஸ்கட்டில் வந்தது. “கேஸ்கட் புதுசுதானே?” என்றார் கணவர். “குக்கர் பழசுதானே?” என்றேன் நான். அன்றிலிருந்து ஸ்பேர் பார்ட்ஸுக்கும் அனுமதி. அந்த ஒரு விலக்குதான் வருடம் முழுவதும் எங்களைக் காப்பாற்றியது.

முதல் இரண்டு மூன்று மாதம் ஓடியதே தெரியவில்லை. வீட்டில்தான் எல்லாமே இருந்ததே! கத்தரிக்கோல் இல்லை என்று தேடப் போய் நாலு கத்தரிக்கோல் கிடைத்தது. வேண்டும் என்று தோன்றியதையெல்லாம் தேதி போட்டு ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினோம். மாதம் கழித்துப் பார்த்தால், அதில் பாதியை எதற்காக எழுதினோம் என்பதே ஞாபகம் இல்லை. இதைப் பற்றிக் கட்டுரையாளர் விரிவாகவே எழுதிவிட்டார், நான் நீட்டவில்லை.

அப்புறம் பொருட்கள் ஒவ்வொன்றாகப் படுக்க ஆரம்பித்தன.

ஃபேன் மெதுவாகச் சுற்றியது. மோட்டார் போய்விட்டது என்றே நினைத்தோம். வந்து பார்த்தவர் கெபாசிட்டரை மட்டும் மாற்றினார், பத்து நிமிட வேலை. மிக்ஸியில் மோட்டார் ஓடியது, ஜாரில் பிளேடு சுற்றவில்லை. அடியில் இருக்கும் கப்ளர் தேய்ந்திருந்தது. பள்ளிப் பையின் ஜிப் வாயைத் திறந்துகொண்டு நின்றது. ஜிப் போனால் பையே போய்விட்டதாக நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் பற்களெல்லாம் நன்றாகத்தான் இருக்கும், மேலே ஓடுகிற ரன்னர்தான் கொஞ்சம் அகன்றிருக்கும். குறட்டால் இரண்டு பக்கமும் மெதுவாக அழுத்தினால் மறுபடி கவ்வும். (அவசரப்பட்டு ஓங்கி அழுத்தினால் ரன்னர் உடையும். முதல் பையில் அதைத்தான் செய்தேன்.) இத்தனை வருடமாக இந்த மாதிரிச் சின்னத் துண்டுகளுக்காக எத்தனை முழுப் பொருளைத் தூக்கிப் போட்டிருப்போம் என்று நினைத்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது.

பத்திரப்படுத்துவதிலும் ஒரு பாடம் கற்றேன். நல்ல நாளில் போடலாம் என்று கணவர் பெட்டியிலேயே வைத்திருந்த ஷூவை எடுத்தால், அடிப்பாகம் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. பாலியூரித்தேன் அடிப்பாகம் காற்றின் ஈரத்தாலேயே சிதைகிற பொருளாம், போடாமல் வைத்திருந்தாலும் தப்பாது. சிக்கனமும் சேர்த்து வைப்பதும் ஒன்றல்ல என்று அன்றைக்குப் புரிந்தது.

எங்கள் கதை திரும்பியது செல்போனில்தான். அதில் இருக்கும் லித்தியம் அயன் பேட்டரி பொதுவாக 300 முதல் 500 முறை முழுதாகச் சார்ஜ் ஆன பிறகு பழைய கொள்ளளவில் 80 சதவீதத்துக்கு இறங்கிவிடும். தினம் ஒரு சார்ஜ் என்றால் ஒன்று, ஒன்றரை வருடக் கணக்கு. எங்கள் போன் அதையும் தாண்டி, மத்தியானத்துக்குள் அணைய ஆரம்பித்தது. திரை, கேமரா எதற்கும் குறையில்லை. பேட்டரியை மட்டும் மாற்றினால் போதும். பழைய போன்களில் பின்மூடியை நகத்தால் நெம்பி நாமே மாற்றினோமே! இதில் மூடியும் பேட்டரியும் பசை போட்டு ஒட்டியிருக்கின்றன.

அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். கவுண்டரில் இருந்த தம்பி மரியாதையாகத்தான் பேசினார். பேட்டரி வரவழைக்க வேண்டும், நாளாகும், பிரிக்கும்போது திரை உடைந்தால் பொறுப்பில்லை, இன்னின்ன கட்டணம் என்று சொல்லிவிட்டு, “இதோட கொஞ்சம் சேர்த்துப் போட்டா புதுசே வாங்கிடலாமே மேடம்!” என்றார். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். அந்த வருடத்தில் இதே வாக்கியத்தை நான்கு கடைகளில் கேட்டேன். தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். அவர் முன்னால் இருந்த கணக்கு அப்படி. அந்தக் கணக்கை அப்படிப் போட்டு வைத்தது யார் என்பதுதான் என் கேள்வி. கடைசியில் ஒரு தெருமுனைக் கடைக்காரர் ஹீட்டரால் பசையை இளக்கி, பேட்டரியை மாற்றிக் கொடுத்தார். போன் இன்னும் ஓடுகிறது. ஆனால் அதற்கான மென்பொருள் அப்டேட்டை நிறுவனம் நிறுத்திவிட்டது. அதற்கு எந்தக் கடைக்காரரும் ஒன்றும் செய்ய முடியாது.

இது புதுக் கதையும் இல்லை. 1924-இல் பல நாட்டு பல்பு நிறுவனங்கள் ஃபீபஸ் என்ற பெயரில் ஒரு கூட்டணி சேர்ந்து, பல்பு 1,000 மணி நேரம் எரிந்தால் போதும் என்று தீர்மானித்தன. அதற்கு முன்பு 1,500, 2,000 மணி நேரம் எரிந்த பல்புகள் உண்டு. அளவை மீறி அதிக நேரம் எரியும் பல்பைச் செய்த நிறுவனத்துக்கு அபராதம்கூட இருந்தது. குண்டு பல்பின் ஆயுளை நீட்டினால் அதே மின்சாரத்துக்கு வெளிச்சம் குறையும் என்று அவர்கள் பக்க நியாயம் ஒன்றும் உண்டு, அது பொய்யில்லை. இருந்தாலும் அபராதம் போட்டது வெளிச்சத்துக்காகத்தான் என்று நம்ப எனக்கு மனமில்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2009-இல் ஆம்ஸ்டர்டாமில் மார்டினே போஸ்ட்மா என்பவர், உடைந்த பொருளோடு வருகிறவர்களும் சரி செய்யத் தெரிந்தவர்களும் ஒரே மேசையில் உட்காரும் ‘ரிப்பேர் கஃபே’யைத் தொடங்கினார். இன்று அது பல நாடுகளில் நடக்கிறது. பிரான்சில் போன், லேப்டாப், டிவி, வாஷிங் மெஷின் போன்றவற்றைச் சரி செய்வது எவ்வளவு சுலபம் என்று பத்துக்கு இத்தனை என மதிப்பெண் போட்டு விற்க வேண்டும் என்று 2021-இல் விதி வந்தது. கையடக்கச் சாதனங்களின் பேட்டரியைப் பயன்படுத்துகிறவரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் விதி செய்திருக்கிறது. சில விலக்குகளோடு 2027 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வருகிறது. 2022-இல் மட்டும் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் குப்பை சேர்ந்ததாகவும், அதில் கால் பங்குகூட முறையாக மறுசுழற்சிக்குப் போன கணக்கில்லை என்றும் ஐ.நா. அறிக்கை சொல்கிறது. இது என் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய தாளால் குறைகிற குப்பையா?

எல்லாப் பழசையும் கட்டி அழ வேண்டும் என்று நான் சொல்லவில்லை. குண்டு பல்பைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. போடுவது செலவில்லை, மிச்சம்தான். கரண்டைக் குடிக்கும் பழைய ஃபிரிட்ஜுக்கும் அதே நியாயம் பொருந்தலாம்.

இனி உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் இதழில் மாதாமாதம் புதுப் போன்களை அலசுகிறீர்கள். கேமரா எத்தனை மெகாபிக்சல், திரை எத்தனை அங்குலம் என்று அரைப் பக்கத்துக்கு எழுதுகிறீர்கள். கூடவே மூன்று வரி சேருங்கள்: பேட்டரியை மாற்ற முடியுமா, ஸ்பேர் எத்தனை வருடம் கிடைக்கும், அப்டேட் எத்தனை வருடம் வரும். நிறுவனம் பதில் சொல்லாவிட்டால், ‘பதில் வரவில்லை’ என்று அச்சிட்டாலே போதும். வாங்காமல் இருப்பது எப்படி என்ற கட்டுரைக்கு எதிர்ப்பக்கத்தில் முழுப்பக்கப் போன் விளம்பரம் போட்டதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. உங்களுக்கும் பத்திரிகை நடக்க வேண்டுமே.

இப்படிக்கு,
ஒரு வாசகி

பி.கு.: எங்கள் விதிப்படி இந்த ஒரு வருடமும் உங்கள் இதழைப் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கித்தான் படித்தேன். அவர்கள் குறுக்கெழுத்தைப் பேனாவால் நிரப்பிவிட்டுத்தான் கொடுக்கிறார்கள். அதனால் அடுத்த மாதம் சந்தாவைப் புதுப்பிக்கிறேன்.