பின்சக்கர இயக்கம் வென்றது வேகத்தாலா, விதியாலா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கார் பந்தயம் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரை, பந்தயக் கார்களில் பெரும்பாலானவை, எஞ்சின் விசை பின்சக்கரங்களுக்கு மட்டுமே செல்லும் பின்சக்கர இயக்கம் கொண்டவை என்பதால் பந்தயத் தளத்திற்கு அதுவே உகந்தது என்று முடித்திருந்தது. முற்பாதி உண்மை, 2025 ஜனவரியில் நடந்த துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித்குமாரின் அணி ஓட்டிய போர்ஷே 911 ஜிடி3 கப் காரும் அவ்வகையே. ஆனால் அதிலிருந்து எடுக்கப்பட்ட முடிவை ஏற்பதற்கில்லை.

நான்கு சக்கர இயக்கம் கொண்ட நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர், சாலைக் கார்களைப் பந்தயத்துக்கு மாற்றியமைத்து ஓட்டும் ஜப்பானிய டூரிங் கார் தொடரில் 1990 முதல் 1993 வரை நடந்த 29 பந்தயங்களையும் வென்றது. சாதாரணமாகப் பின்சக்கரங்களை மட்டுமே இயக்கும் அந்தக் கார், அவை வழுக்கத் தொடங்கியதும் விசையின் ஒரு பகுதியை முன்சக்கரங்களுக்கு அனுப்பிவிடும். ஆகவே வளைவுக்குள் நுழைகையில் முன்டயர்களின் பிடிப்பு திரும்புவதற்கே பயன்பட, வளைவிலிருந்து வெளியேறுகையில் ஓட்டுநரால் மற்றவர்களுக்கு முன்பாகவே ஆக்சிலரேட்டரை அழுத்த முடிந்தது. ஆஸ்திரேலியாவின் பாதர்ஸ்டில் நடக்கும் பந்தயத்தில் 1991-இல் அது வென்றது. கூடுதல் எடை சுமத்தப்பட்ட பிறகும் 1992-இல் மீண்டும் வென்றது. பரிசளிப்பு மேடைக்குக் கீழே ரசிகர்கள் எதிர்ப்புக் கூச்சலிட்டதுதான் மிச்சம். மறு ஆண்டே அங்கு விதிகள் மாற்றப்பட்டு, அந்தக் காருக்கு இடமில்லாமல் போயிற்று. பிரிட்டிஷ் டூரிங் கார் தொடரில் 1996-இல் பட்டம் வென்ற ஆடி ஏ4 குவாட்ரோவுக்கும் இதே கதிதான். 1998 முதல் அங்கே நான்கு சக்கர இயக்கத்துக்குத் தடை.

கட்டுரையாளர் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1961-இல் இங்கிலாந்தின் ஈரமான ஓல்டன் பார்க் தளத்தில் ஓட்டுநர் ஸ்டிர்லிங் மாஸ் ஓட்டிய, நான்கு சக்கர இயக்கம் கொண்ட ஃபெர்குசன் பி99 கார் வென்றதைக் கண்டு, 1969-இல் லோட்டஸ், மாத்ரா, மெக்லாரன் அணிகள் ஃபார்முலா ஒன்னில் நான்கு சக்கர இயக்கத்தை முயன்று பார்த்துத் தோற்றன. அதற்குள் காற்றின் விசையால் காரைத் தளத்தோடு அழுத்தும் இறக்கைகளும் அகன்ற டயர்களும் பின்சக்கரங்களுக்கு வேண்டிய பிடிப்பைத் தந்துவிட்டதால், முன்பக்கம் ஏற்றிய பல்சக்கரங்களும் தண்டுகளும் காய்ந்த தளத்தில் வெறும் சுமையாயின. போதாததற்கு, ஸ்டீயரிங் கனத்துப்போனதாக ஓட்டுநர்கள் குறைபட்டுக்கொண்டனர்.

ஆனால் கட்டுரை சான்றாகக் காட்டிய ஆடி ஆர்8 பந்தயக் காருக்கு இந்தக் காரணம் பொருந்தாது. சாலைக்கு வந்த ஆர்8 தொடக்கத்திலிருந்தே நான்கு சக்கர இயக்கத்துடன் விற்கப்பட்டது. ஸ்போர்ட்ஸ் கார்களின் பந்தய வடிவங்கள் ஓடும் ஜிடி3 பிரிவின் விதிகள் அதை அனுமதிக்காததால்தான் பந்தயக் காரில் முன்சக்கர இயக்கம் நீக்கப்பட்டது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கோயம்புத்தூர்