ப்ளூமிங்டன்ல இருந்து முருகேசனுக்கு

டேய் முருகேசா,

எப்படிடா இருக்க? அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லையா? போன மாசம் போன்ல கேட்டல்ல, ஸ்கூல் வாலிபால் டீமுக்கு நெடுநெடுன்னு வளந்திருக்கற புதுப் பையன எடுக்கறதா, இல்ல குள்ளமா இருந்தாலும் ரெண்டு வருஷமா ஒழுங்கா ஆடிட்டு இருக்கறவன எடுக்கறதான்னு, அன்னைக்கு ஆபீஸ் கிளம்பற அவசரத்துல சரியா பதில் சொல்லல, அது மனசுலயே கிடந்துச்சு.

இங்க இண்டியானா யுனிவர்சிட்டி ஃபுட்பால் டீம் கதைய சொல்றேன் கேளு. நம்ம ஊர் ஃபுட்பால் இல்ல, ஹெல்மெட் மாட்டிட்டு பந்த கைல இடுக்கிட்டு ஓடி முட்டிக்குவாங்களே, அது. நான் வந்த புதுசுல மேட்ச் அன்னைக்கு ஜனங்க பார்க்கிங்லயே கறி சுட்டு சாப்பிட்டு பேசிட்டு அப்படியே வீட்டுக்குப் போயிடுவாங்க, உள்ள ஸ்டாண்ட் பாதி காலியா கிடக்கும். பெரிய காலேஜ் டீம்கள்லயே அதுவரைக்கும் அதிகமா தோத்த டீம் இதுதான். 2023ல 12 மேட்ச்ல 9 தோல்வி. அந்த வருஷக் கடைசில கர்ட் சிக்னெட்டின்னு புது கோச் வந்தார், அப்பவே 62 வயசு. அலபாமா யுனிவர்சிட்டில நிக் சேபன்னு ரொம்பப் பேர்போன கோச்கிட்ட ஆள் எடுக்கற பொறுப்புல இருந்தவர், 2011ல அத விட்டுட்டு சம்பளம் கம்மியானாலும் பரவாயில்லன்னு பென்சில்வேனியால ஒரு சின்ன காலேஜுக்கு ஹெட் கோச்சா போனார். அவங்க அப்பா ஃபிராங்க் சிக்னெட்டி முன்னாடி கோச்சா இருந்த அதே காலேஜ். அங்க இருந்து ஈலான், அப்புறம் ஜேம்ஸ் மேடிசன்னு வேற ரெண்டு யுனிவர்சிட்டி, எங்க போனாலும் ஜெயிப்புதான்.

இப்ப விஷயத்துக்கு வரேன். இங்க காலேஜ் மாறற பசங்க பேர் போடறதுக்கு டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்னு ஒன்னு இருக்கு, முன்னாடி மாறினா ஒரு வருஷம் ஆடாம உக்காரணும், 2021ல இருந்து உடனே ஆடலாம். அவர் வந்த உடனே ஜேம்ஸ் மேடிசன்ல அவர்கிட்ட இருந்த 13 பசங்க பின்னாடியே வந்துட்டாங்க. ரெண்டு மெயின் கோச்சுங்களும் கூடவே வந்தாங்க, ஷனஹனும் ஹெய்ன்ஸும், பல வருஷமா அவர்கிட்டயே இருக்கறவங்க, அதனால பசங்களுக்கு எதையும் முதல்ல இருந்து சொல்லித்தர வேண்டியதில்ல. இவன் பின்னாடி பெரிய ஆளா வருவான்னு கணக்கு போட்டு எடுக்கறத விட, ஏற்கனவே களத்துல ஆடிக் காட்டினவன எடுங்கறதுதான் அவர் கொள்கை, அதத்தான் திரும்பத் திரும்ப சொல்வார்.

டி'ஏஞ்சலோ பாண்ட்ஸ்னு ஒரு பையன், அந்த 13 பேர்ல ஒருத்தன், உயரம் 5 அடி 9 அங்குலம்தான், அவன விட அரை அடி உயரமா இருக்கறவங்கள மார்க் பண்ணணும். 2026 ஜனவரில ஆரிகன் டீம் கூட செமிஃபைனல், டிவி முன்னாடி டீ டம்ளரோட அப்பத்தான் உக்காந்தேன், ஆரிகனோட முதல் பந்து, இவன் குறுக்க பாஞ்சு புடிச்சு அப்படியே எதிர் டீம் கோட்டத் தாண்டி ஓடி டச்டவுன் போட்டுட்டான், கோல் மாதிரி, டீய கீழ வைக்கக்கூட நேரமில்லடா. 56-22 ஜெயிச்சோம். பந்த வீசி ஆட்டத்த நடத்தற குவார்ட்டர்பேக் ஃபெர்னாண்டோ மெண்டோசா ஸ்கூல் முடிச்சப்போ பெரிய டீம் எதுவும் அவன தேடி வரல, யேல் யுனிவர்சிட்டில சேரறதா இருந்தவன், கலிஃபோர்னியா யுனிவர்சிட்டி போய் அங்க இருந்து இங்க வந்தான், வந்த வருஷமே ஹைஸ்மன் டிராஃபி, அந்த வருஷத்தோட சிறந்த காலேஜ் ஆட்டக்காரனுக்குக் குடுக்கறது. ஃபைனல்ல மயாமிய 27-21னு ஜெயிச்சு 16க்கு 16, காலேஜ் சாம்பியன்.

வெளிய இருந்து வந்தவங்களால மட்டும்னு நினைக்காத. ஒமர் கூப்பர் இண்டியானாபொலிஸ் பையன், பழைய கோச் எடுத்தவன், தோத்த வருஷத்துலயும் ஓடிப்போகல. பென் ஸ்டேட் மேட்ச்ல கடைசி நிமிஷம், எல்லைக்கோட்டுக்கு வெளிய விழுந்துட்டே கால் விரல் நுனிய மட்டும் உள்ள ஊனி அந்தப் பந்த புடிச்சான் பாரு, பத்து தடவையாவது திரும்பப் போட்டுப் பாத்திருப்பேன். இருக்கறவங்கள வளக்காம அப்படி ஒரு கேட்ச் வராதுடா.

பணமும் நிறையவே இருக்கு, இங்க படிச்ச கோடீஸ்வரர் மார்க் க்யூபன்லாம் குடுக்கறார், அத மறைக்க ஒன்னுமில்ல. எனக்கு உறுத்தறது வேற ஒன்னு. எல்லாரும் ஆடிப் பழகினவனையே தேடினா, பதினேழு வயசுல ஸ்கூல் முடிச்சு நிக்கற பையனுக்கு யாரு முதல் சான்ஸ் குடுப்பா? அவன் எங்கதான் போய் ஆடிக் காட்டுவான்? இதுக்கு இந்த ஊர்ல யாருகிட்டயும் பதில் இல்ல. ஆனா உன்கிட்ட இருக்குடா, நீதான் அந்த முதல் சான்ஸ் குடுக்கற இடத்துல நிக்கற. அதனால குள்ளப் பையன டீம்ல போடு, நெட்டையன வீட்டுக்கு அனுப்பிடாத, பென்ச்ல வச்சு தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் அவன் கூட நில்லு.

அடுத்த மாசம் ஜோனல் மேட்ச் இருக்குன்னு சொன்னல்ல, ரெண்டு பேரும் ஆடறத வீடியோ எடுத்து அனுப்பு. தங்கச்சியையும் குட்டியையும் கேட்டதா சொல்லு.

உன்
செந்தில்