லேன் போர்ட் பழுதுக்கு வைஃபையைச் சோதித்து அனுப்பியது தொடர்பாக 4வது புகார்

ஐயா / அம்மா,

வணக்கம். கிருஷ்ணகிரியில் கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கிறேன். நீங்களே உபுண்டு (ஒரு வகை லினக்ஸ்) போட்டு விற்ற லேப்டாப் இது. வாரன்டி முடிய இன்னும் 5 மாதம் இருக்கிறது. பில், ஜாப் ஷீட் நகல்களை இணைத்திருக்கிறேன். தயவுசெய்து இந்தக் கடிதத்தையாவது முழுசாகப் படியுங்கள்.

லேன் போர்ட்டில் (நெட் கேபிள் செருகும் இடம்) கேபிளைச் செருகினால் லிங்க் (இணைப்பு) வருகிறது, இரண்டு நொடியில் போய்விடுகிறது. அதே கேபிள், அதே சுவர் சாக்கெட், பக்கத்து அறை லேப்டாப்பில் 1000 எம்பிபிஎஸ்ஸில் அசையாமல் நிற்கிறது. அதனால் காலேஜ் சுவிட்ச் மேல் பழி போட வேண்டாம். பென் டிரைவில் வேறு லினக்ஸை பூட் செய்தாலும் இப்படியேதான். கடன் வாங்கிய யுஎஸ்பி லேன் அடாப்டரோ இதே உபுண்டுவில் உடனே 1000 காட்டியது. லேன் வேகத்தை மாற்றும் 'ஈத்டூல்' கமாண்டில் 100 எம்பிபிஎஸ் மட்டும் என்று குறைத்தால் உங்கள் போர்ட்டிலும் லிங்க் நிற்கிறது. போர்ட்டுக்குள் இருக்கும் எட்டு பின்னில் (உலோகக் கம்பி முனை) 100க்கு 1, 2, 3, 6 ஆகிய நாலு போதும், 1000க்கு எட்டும் வேண்டும். மீதி நாலில் ஏதோ ஒன்று தொடவில்லை. கேபிள் தலையை விரலால் லேசாக மேலே தூக்கிப் பிடித்தால் 1000லேயே பச்சை விளக்கு எரிகிறது, விரலை எடுத்தால் அணைகிறது. போர்ட்டில் சால்டரிங் விட்டிருக்கிறது.

இதைச் செய்து காட்டுகிறேன் என்றேன், ஓசூர் சர்வீஸ் சென்டர் கவுன்டரில் இருந்தவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "லினக்ஸ் போட்டா இப்படித்தான் தம்பி, விண்டோஸ் போட்டுட்டு வா" என்றார். லினக்ஸ் போட்டது நானா? பார்ட் வந்துவிட்டது என்று போன் செய்து வரவழைத்தது அவர்கள்தான். போக வர 100 கிலோமீட்டர், ஒரு நாள் லேப் போச்சு. போனால் பார்ட்டும் இல்லை, சோதிக்க ஒரு லேன் கேபிள்கூட இல்லை! வைஃபையில் ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு 'நெட்வொர்க் ஓகே' என்று ஜாப் ஷீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். அதற்கு முன்பே இரண்டு முறை அலைந்தாயிற்று. போனில் பேசியவர் ரூட்டரை ஆஃப் செய்து ஆன் செய்யச் சொன்னார், விடுதியில் ஏது ரூட்டர்? அடாப்டர் வாங்கிக்கொள்ளச் சொல்கிறீர்கள். அடாப்டருக்கு மேக் அட்ரஸ் (ஒவ்வொரு நெட்வொர்க் கருவிக்கும் உள்ள தனி அடையாள எண்) வேறு, இங்கே ஒரு மாணவருக்கு ஒன்றுதான் பதிவு செய்வார்கள், லேப் சர்வரும் கேபிள் வழியாக மட்டுமே திறக்கும். என் செமஸ்டரே பாழாகிவிட்டது.

போர்ட் தனி போர்டில் இருக்கிறதா, மதர்போர்டிலேயே இருக்கிறதா என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. எதுவோ அதை மாற்றித் தாருங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். 10 நாளில் நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் புகாரைப் பதிவு செய்துவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை.

இனி ஓசூருக்கு வரமாட்டேன். ஆளை விடுதிக்கே அனுப்புங்கள். பார்ட்டோடு ஒரு லேன் கேபிளும் எடுத்து வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்